பாகலூரிலிருந்து ஆற்றோடு இறங்கி

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் விடுமுறை. அதுவும் எல்லோருக்கும் ஞாயிறாக அமைவதில்லை. ஷிப்டைப் பொறுத்துச் செவ்வாயாகவும் இருக்கும், வியாழனாகவும் இருக்கும். அன்றைக்கு வீட்டில் "எங்கேயாவது போகலாமே" என்று பேச்செடுத்தால் முதலில் வருவது பெங்களூர் மால். நாலு பேர் போய், ஒரு படம் பார்த்து, பாப்கார்ன் வாங்கித் திரும்பினால் ஒரு வார மளிகைக் காசு கரைந்திருக்கும். அடுத்து வருவது ஒகேனக்கல். அழகான இடம்தான். ஆனால் பரிசல், எண்ணெய்க் குளியல், மீன் சாப்பாடு என்று அங்கேயும் பர்ஸ் லேசாகும், ஒரு முழு நாளும் போகும்.

பாகலூர்க்காரர்களுக்கு மூன்றாவதாக ஒரு வழி வாசலிலேயே இருக்கிறது. தென்பெண்ணை தமிழ்நாட்டுக்குள் நுழைவது இந்தப் பக்கமாகத்தான். நந்தி மலைப் பகுதியில் பிறந்து, பெங்களூருக்குக் கிழக்கே வழிந்து, பாகலூருக்கு அப்பால் கொடியாளம் அருகே எல்லை தாண்டி வருகிறது. அங்கிருந்து கெலவரப்பள்ளி, தொரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணை, காவேரிப்பட்டணம் என்று இறங்கிக்கொண்டே போகும் ஆற்றைப் பஸ்ஸிலேயே பின்தொடரலாம். சாப்பாட்டுச் செலவைச் சேர்த்தாலும் ஆளுக்கு இருநூறு, இருநூற்றைம்பதுக்குள் முடித்துவிடலாம். வீட்டுப் பெண்களுக்கு இன்னும் குறையும். 2021 மே மாதத்திலிருந்து அரசு டவுன் பஸ்ஸில் அவர்களுக்குக் கட்டணம் கிடையாது. ஓசூர் பக்கம் குடும்பத்தோடு வெளியே போகிறவர்கள் கணக்குப் போடும் விதமே இதனால் மாறிவிட்டது. அம்மா, மனைவி, மகள் மூவரும் டிக்கெட் இல்லாமல் ஏற, அப்பா மட்டும் சில்லறையை எண்ணுவார்.

பாகலூரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், சர்க்கிளைத்தான் காட்டுவேன். ஒரு சாலை ஓசூருக்கு, ஒன்று மாலூருக்கு, ஒன்று பேரிகைக்கு. காலை ஆறு மணிக்கு அங்கே நின்றால் கண்டக்டர் தமிழில் கூவுவார், பூ மூட்டை இறக்குகிறவர் தெலுங்கில் திட்டுவார், கர்நாடக லாரிக்காரர் கன்னடத்தில் வழி கேட்பார், டீக்கடைக்காரர் மூன்றிலும் பதில் சொல்வார், உருதில் சில்லறை கொடுப்பார். பாகலூர் ஒரு காலத்தில் பாளையம். சூளகிரி, பேரிகை, அங்குசகிரி பாளையங்களைப் போல இதற்கும் தனிப் பாளையக்காரர் இருந்தார். இன்றைக்குக் கோட்டையின் பெயரைச் சுமந்துகொண்டிருப்பது கோட்டை மாரியம்மன். அம்மன் திருவிழாவுக்கு இந்தப் பக்கம் வர வாய்த்தால் தவறவிட வேண்டாம். தேரும் கூட்டமும் பார்க்கக் காசு இல்லை.

பொங்கல் முடிந்த கையோடு வந்தால் சுற்று வட்டாரக் கிராமங்களில் எருது விடும் விழாவும் உண்டு. இது மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டு அல்ல. மாட்டின் கொம்பில் தடுக்கை என்று ஒரு சோடனைத் தட்டியைக் கட்டி ஓட விடுவார்கள். காளை ஓடும்போதே அதைப் பிடுங்க வேண்டும். வேடிக்கை பார்க்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு வீட்டு மாடியில் ஏறிக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர்கள் ஏற்றிக்கொள்வார்கள். தெருவில் நிற்பது புத்திசாலித்தனம் அல்ல.

ஓசூர் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் அமுதகொண்டப்பள்ளிப் பக்கம் பசுமைக் குடில்களைப் பார்க்கலாம். வெள்ளை பாலித்தீன் கூரைகள் வரிசை வரிசையாக நிற்கும். உள்ளே ரோஜா. தாஜ்மஹால், அவலாஞ்சி, நோப்ளஸ் என்று பூவுக்குப் பெயர்கள். இருபது பூ சேர்ந்தது ஒரு கட்டு. பிப்ரவரி முதல் வாரத்தில் இங்கிருந்து வெளிநாட்டுக்கு விமானம் ஏறும் பூ, காதலர் தினம் முடிந்ததும் விலை கேட்பாரில்லாமல் போகும். குடிலுக்குள் யாரும் நம்மைச் சும்மா விட மாட்டார்கள். மருந்தடித்த வாடையும் இருக்கும். பஸ்ஸிலிருந்து பார்த்தால் போதும்.

அமாவாசை நாளென்றால் அதே பஸ்ஸில் கூட்டம் நெரியும். மோரனப்பள்ளி பிரத்யங்கிரா தேவி கோயிலில் அன்று மிளகாய் யாகம். மூட்டை மூட்டையாக வற்றல் நெருப்பில் விழுந்தும் நெடி ஏறாது என்று பஸ்ஸில் பக்கத்து ஸீட் அம்மா சத்தியம் செய்வார். போய்ப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

இனி ஆறு. கெலவரப்பள்ளி அணையின் முழு நீர்மட்டம் 44.28 அடி. இந்த எண் ஓசூர்ப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மழைக்காலத்தில் தினமும் செய்தியில் வருவதால் மனப்பாடம். நீளமான கரை, வரிசையாக மதகுகள், பின்னால் விரிந்த நீர். தண்ணீரைத் தூரத்தில் நின்று பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். நாரையும் நீர்க்காகமும் உட்கார்ந்திருக்கும். மதகுப் பக்கம் இறங்கிப் போனால்தான் விஷயம் தெரியும். முதலில் மூக்குக்குத் தெரியும். சாக்கடை நாற்றத்தோடு சோப்புத்தூள் வாசனை கலந்த ஒரு காரம். பிறகு கண்ணுக்கு. மதகு வழியாக விழுந்த நீர் கீழே கொதித்து, ஆள் உயரத்துக்கு நுரை எழும்பி, ஆற்றை மறைத்துக்கொண்டு நகரும். காற்று பலமாக அடித்தால் அதில் ஒரு கட்டி பிய்ந்து பறந்து வந்து பக்கத்துத் தோட்டத்தில் விழும். சட்டையில் ஒட்டினால் ஈரம் காய்ந்த பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு கறை மிஞ்சும்.

இந்த நுரைக்குக் காரணம் சொல்லப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். பெங்களூரின் கழிவுநீர் இறங்கும் பெல்லந்தூர் ஏரியும் வர்த்தூர் ஏரியும் வடிவது தென்பெண்ணைக்கே. கர்நாடகத்தில் இந்த ஆற்றுக்குத் தட்சிண பினாகினி என்று பெயர். 2015லும் 2017லும் தீப்பிடித்து எரிந்ததே, அதே பெல்லந்தூர் ஏரிதான். வீட்டுத் துணி துவைக்கும் தூளும் பாத்திரம் துலக்கும் திரவமும் ஆலைக் கழிவும் சேர்ந்து வரும் நீர், தேங்கிக் கிடக்கும்போது சாதுவாக இருக்கும். மதகில் வேகமாக விழும்போது காற்று உள்ளே புகுந்து நுரைத்துப் பொங்கும். மழைக்காலத்தில் அணைக்குக் கீழே தட்டகானப்பள்ளித் தரைப்பாலத்தையே நுரை மூடிவிடுவது உண்டு. அப்போது டூவீலர்க்காரர்கள் பாலம் எங்கே முடிகிறது, ஆறு எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் நிற்பார்கள். பையன்கள் அதன் நடுவே நின்று ரீல்ஸ் எடுப்பார்கள், மணாலி பனி மாதிரி இருக்கிறதாம்.

இதை எதற்குச் சுற்றுலாவில் சேர்க்கிறாய் என்று கேட்கலாம். நான் சேர்ப்பேன். இந்த ஆறு எந்த நிலையில் நம் மாநிலத்துக்குள் வருகிறது என்று ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள், கரையிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். காலை நனைக்க வேண்டாம். அணைப் பக்கம் பூங்கா என்று ஒன்று உண்டு. அதற்காக யாரும் தனியாகப் போக வேண்டியதில்லை.

இந்த ஆற்று வழி முழுக்க ஒன்றைக் கவனிக்கலாம். சுற்றுலாவுக்கென்றே கட்டியவை சுமார் ரகம். உடைந்த ஊஞ்சல், தண்ணீர் வராத நீரூற்று, பெயின்ட் உரிந்த யானை பொம்மை. வேறு வேலைக்காகக் கட்டியவைதான் பார்க்கத் தக்கவை. பாசனத்துக்குக் கட்டிய அணை, போருக்குக் கட்டிய கோட்டை, கும்பிடக் கட்டிய மலைக்கோயில், ஒரு குடும்பம் குடியிருக்கக் கட்டிய ஓட்டு வீடு. இவற்றுக்கு நுழைவுக் கட்டணமும் கிடையாது, இருந்தாலும் டீக்காசு.

ஓசூரில் அப்படியொன்று சந்திரசூடேஸ்வரர் மலை. பெங்களூர் நெடுஞ்சாலையில் போகிற எல்லோர் கண்ணிலும் படும், ஏறுகிறவர்கள் குறைவு. உச்சி வரை வண்டிப் பாதை இருக்கிறது, படியும் இருக்கிறது. படியில் ஏறுங்கள். மேலே சந்திரசூடேஸ்வரரும் மரகதாம்பிகையும். பங்குனித் தேர் இந்த ஊரின் பெரிய விழா. அன்று கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் கூட்டம் வரும். பழைய கல்வெட்டுகளில் ஓசூருக்குச் செவிடபாடி என்று பெயர். பிராகாரத்தில் நின்று வடக்கே பார்த்தால் ஆலைக் கூரைகள் வெயிலில் மின்னும். 1980களில் மொபெட்டும் லாரியும் கைக்கடிகாரமும் செய்ய ஆலைகள் வரும் வரை ஓசூர் ஒரு தாலுகா ஊர். 2019இல் மாநகராட்சி ஆனது. மாநகராட்சிக்கு உண்டான நெரிசல் எல்லாம் கீழே தெரியும், சத்தம் மட்டும் மேலே வராது.

தொரப்பள்ளிக்கு ஓசூரிலிருந்து டவுன் பஸ் உண்டு. எண்ணிக்கை குறைவு, அதனால் இறங்கும்போதே திரும்பும் நேரத்தை டிரைவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தென்பெண்ணைக் கரையில் சின்ன அக்ரஹாரம். அதில் ஒரு வீட்டில் 1878 டிசம்பர் 10ஆம் தேதி பிறந்தவர் ராஜாஜி. அப்பா அதே ஊரில் முன்சீப். பையன் ஓசூரில் படித்து, பெங்களூரில் படித்து, சென்னையில் சட்டம் படித்து, சேலத்தில் வக்கீலாகி, கடைசியில் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக டெல்லியில் உட்கார்ந்தார். அந்தப் பதவியில் இருந்த ஒரே இந்தியர் அவர்தான். வீடு இப்போது அரசு நினைவில்லம்.

உள்ளே போனால் கால் மணி நேரத்தில் பார்த்துவிடலாம், அவ்வளவு சின்ன வீடு. சுவரெல்லாம் புகைப்படங்கள். காந்தியோடு, நேருவோடு, மவுண்ட்பேட்டனோடு. எனக்கு அந்தப் படங்களைவிட வீட்டின் அளவுதான் பிடித்தது. ராஜாஜியோடு ஒத்துப்போகிறவர்களும் உண்டு, குலக்கல்வித் திட்டத்தை இன்றைக்கும் மன்னிக்காதவர்களும் உண்டு. இருவரும் வந்து இந்தத் திண்ணையில் உட்கார்ந்து சண்டை போடலாம், நிழல் நன்றாக இருக்கும். இன்னொரு விஷயம். 1937இல் அவர் சென்னை மாகாணப் பிரதமரானதும் மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது தன் சொந்த சேலம் மாவட்டத்தில்தான். அன்றைக்கு ஓசூரும் கிருஷ்ணகிரியும் அந்த மாவட்டத்துக்குள். 1965இல் தருமபுரி பிரிந்தது, 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. மதுக்கடையைப் பொறுத்தவரை, பாகலூர் தாண்டி எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இன்றைக்கு என்ன நிலை என்று உங்களுக்கே தெரியும்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும்போது காதில் ஒரு அடைப்பு தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து மூவாயிரம் அடிக்குச் சற்றே கீழே. கிருஷ்ணகிரி அதில் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதல். பழைய ஆவணங்களில் மேலே இருப்பது பாலாகாட், கீழே இருப்பது பாராமகால். இரண்டும் ஒரே சமயத்தில் கிழக்கிந்தியக் கும்பெனி கைக்குப் போகவில்லை. பாராமகாலை 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு விட்டுக்கொடுத்தார். ஓசூர்ப் பக்கம் 1799இல் அவர் மறைந்த பிறகே கைமாறியது. இடைப்பட்ட ஏழு வருடம் எல்லைக்கோடு ஏறக்குறைய இந்த இறக்கத்தில்தான் கிடந்தது. பஸ்ஸும் இறங்கும், ஆறும் இறங்கும். பஸ் நெடுஞ்சாலையில், ஆறு பாறைக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாமல்.

வழியில் சூளகிரி. கொத்தமல்லியும் புதினாவும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் ஊர். பஸ் நின்றால் ஜன்னல் வழியே வாசனை வரும். தொல்லியல் ஆர்வம் உள்ளவர்களுக்குச் சாமல்பள்ளம் வழியாக மல்லசந்திரம் இருக்கிறது. மலைமேல் பெருங்கற்காலக் கல்திட்டைகள், ஊரார் பாண்டவர் வீடு என்பார்கள். பெரிய பலகைக் கற்களை நாலு பக்கமும் நிறுத்தி மேலே ஒன்றைப் போட்டு மூடிய ஈமச்சின்னங்கள். ஆனால் அங்கே போகச் சொந்த வண்டி வேண்டும், நடக்கவும் தெம்பு வேண்டும். பஸ் கணக்கில் வரும் இடம் அல்ல.

கிருஷ்ணகிரியில் இரண்டு வேலை. ஒன்று காந்தி சாலை அரசு அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை, ஷிப்டு ஆட்கள் கவனிக்க. இந்த மாவட்டம் நடுகற்களின் மாவட்டம். ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவன், புலியோடு மல்லுக்கட்டியவன் என்று அவரவர் கதை கல்லிலேயே இருக்கிறது. அங்கே வைத்திருக்கும் ஒரு கல்லின் முன் கொஞ்சம் நேரம் நின்று பாருங்கள். வீரனின் தலைமுடி எந்தப் பக்கம் முடிந்திருக்கிறது, வில்லா வாளா, உடம்பில் எத்தனை அம்பு, காலடியில் மாடு உண்டா என்று பிள்ளைகளைத் தேட விட்டால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். இதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அரசு அறிவித்தபோதுதான் வெளியூர்க்காரர்கள் கிருஷ்ணகிரியை மாங்காய்க்கு அப்பாலும் நினைத்தார்கள்.

மாங்காயையும் சொல்லிவிட வேண்டும். ஜூன், ஜூலையில் வந்தால் மாங்கனிக் கண்காட்சி நடக்கும். ஒரே கூரையின் கீழ் பெயர் தெரியாத ரகமெல்லாம் அடுக்கியிருப்பார்கள். வெளியே சாலையோரம் கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா ரக மாங்காய் லாரிகள் வரிசையில் நிற்கும்.

இரண்டாவது வேலை மலைக்கோட்டை. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. சையத் பாஷா மலை என்பதும் இதுவே, உச்சியில் தர்கா. 1791 நவம்பரில் கும்பெனிப் படை இரவோடு இரவாக ஏறிக் கீழ்க்கோட்டையைப் பிடித்து, மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் மேலேயிருந்து உருட்டிய பாறைகளில் அடிபட்டுத் திரும்பியது. அந்தப் பாறைச் சரிவில்தான் நாம் ஏறுகிறோம். காலை எட்டு மணிக்குள் ஏறத் தொடங்குங்கள். பதினோரு மணிக்குப் பாறை சுடும், மேலே தண்ணீர் கிடைக்காது. ஏறி முடித்தால் கிழக்கும் மேற்கும் மொட்டை மலைகள், நடுவே மாந்தோப்பு, தூரத்தில் ஒரு பளபளப்பு. அதுதான் அணை.

கே.ஆர்.பி. அணை என்றால்தான் இங்கே எல்லோருக்கும் புரியும். காமராஜர் ஆட்சியில், 1957இல் பாசனத்துக்கு வந்தது. முழு உயரம் 52 அடி, ஒன்பதாயிரம் ஏக்கர் பாசனம். 2017 நவம்பரில் முதல் மதகு உடைந்து, சேர்த்த தண்ணீரெல்லாம் கண்முன்னே ஓடியதை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. பிறகு மதகுகளைப் புதிதாக மாற்றினார்கள். ஆடிப் பதினெட்டுக்கு வந்தால் நிற்க இடம் இருக்காது. மற்ற நாளில் வந்தால் கரைமேல் நடக்கலாம், பூங்காவில் பாய் விரித்துக் கட்டுச்சோறு பிரிக்கலாம். மேலே சொன்ன சுமார் ரகத்துக்கு இந்தப் பூங்கா ஓரளவு விலக்கு. மரங்களுக்கு வயதாகிவிட்டது, அதனால் நிழல் இருக்கிறது.

ஆனால் பலர் இங்கே வருவது அணைக்காக அல்ல, மீனுக்காக. சாலையோரக் கடைகளில் மசாலா தடவிய மீனைத் தட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள். ஜிலேபி, கட்லா, ரோகு. கைகாட்டினால் உடனே எண்ணெயில் போடுவார்கள். முதலில் ஓரம் சுருளும், பிறகு மசாலா கருஞ்சிவப்பாகும், கரண்டியால் தட்டினால் சத்தம் மாறும்போது எடுப்பார்கள். மேலே வெங்காயம், எலுமிச்சை. மீனை எண்ணெயில் போடுவதற்கு முன்பே விலையைப் பேசிவிட வேண்டும். ஜிலேபி முள் அதிகம், விலை குறைவு, ருசியும் அதற்குத்தான் என்பது என் கட்சி.

"அணை மீனாக்கா?" என்று கடைக்கார அக்காவிடம் கேட்டேன்.

"அணை மீனுதான் தம்பி. வளர்ப்பு மீனுன்னா வாங்கமாட்டீங்களா?"

"மேலே கெலவரப்பள்ளியில நுரையைப் பார்த்துட்டு வர்றேன், அதான்."

அவர் கரண்டியை நிறுத்தவில்லை. "எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. கேட்டுட்டு ரெண்டு துண்டு கூட வாங்கறாங்க."

நானும் வாங்கினேன். கெலவரப்பள்ளியிலிருந்து இங்கே வருவதற்குள் ஆறு பாறையில் மோதி, ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு, நுரையைக் கரைத்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் நுரையைத்தான் சொல்கிறேன். கரையில் பச்சையாகப் பாசி படர்ந்திருக்கும், கோடையில் நீர் வற்றும்போது வாடையும் வரும். இந்த அணையில் மீன் செத்து மிதந்த செய்திகளும் வந்திருக்கின்றன. சாப்பிடுவதும் விடுவதும் அவரவர் விருப்பம். பிடிக்காதவர்களுக்குக் கிருஷ்ணகிரி டவுனில் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் கிடைக்கும்.

பொழுது இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கலாம். காவேரிப்பட்டணத்தில் நிப்பட் வாங்க வேண்டும். அரிசி மாவில் வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் மிளகாயும் சேர்த்துத் தட்டிப் பொரித்த வட்டு. மேலே வெங்காயம், காரம், சாஸ் எல்லாம் வைத்து செட்டாகவும் தருவார்கள். நான் வெறும் நிப்பட் கட்சி.

அங்கிருந்து பெண்ணேஸ்வரமடம் கிட்டத்தில். ஆற்றங்கரைச் சிவன் கோயில், சோழர் காலத்துக் கல்வெட்டும் ஹொய்சளர் காலத்துக் கல்வெட்டும் உண்டு. வேப்பனப்பள்ளிப் பக்கத்துக் குந்தாணியைத் தலைநகராக வைத்து ஆண்ட ஹொய்சள மன்னன் வீர ராமநாதனின் கல்வெட்டொன்று இங்கே பிரசித்தம். பதின்மூன்றாம் நூற்றாண்டு. ஊராரிடமும் கோயில்காரர்களிடமும் அதிகாரிகள் முறைகேடாகப் பணம் பறித்தால் தலையை எடுத்துவிட வேண்டும் என்கிற அளவுக்குக் கடுமையான ஆணை. லஞ்சத்துக்கு எதிரான கல்வெட்டு என்று பத்திரிகைகள் இதை அடிக்கடி எழுதும். படித்துக்காட்ட அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் படித்துறைக்கு வரலாம். மதிய நடை சாத்துவதற்குள் போக வேண்டும், இல்லாவிட்டால் மாலைதான்.

மாலையில் போனால் திரும்பும் பஸ்ஸைப் பற்றி முன்பே யோசித்துவிடுங்கள். காவேரிப்பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு இருட்டிய பிறகும் வண்டி கிடைக்கும். கிருஷ்ணகிரியில் பெங்களூர் பஸ் எதில் வேண்டுமானாலும் ஏறலாம், ஆனால் ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குள் போகுமா, நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிடுமா என்று கண்டக்டரிடம் கேட்டுவிட்டு ஏற வேண்டும். நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டால் ஸ்டாண்டுக்குப் போக ஆட்டோக்காரர் கேட்கும் காசு, அன்றைக்கு முழுக்க நீங்கள் கொடுத்த பஸ் கட்டணத்தைவிடக் கூடும். பாகலூருக்குக் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் கிளம்பும்போதே சர்க்கிள் டீக்கடையில் கேட்டுக்கொள்வது நல்லது.